சொந்தக் காரணங்களுக்காக

ஜாஸ்மினுக்கு வலது காது கேட்காது. இது அவளுடைய அம்மாவுக்குத் தெரியும். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் சவுரியப்பனுக்கும் தெரியும், அவன் மறந்துபோயிருக்கலாம். மற்றபடி மாரண்டஹள்ளியில் அவள் குடியிருக்கும் தெருவிலோ, ஒன்பது வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலையிலோ ஒருவருக்கும் தெரியாது.

எட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. காது மட்டும் திரும்பி வரவில்லை. இருபத்திரண்டு வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா வலப்பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறாள். ஜாஸ்மின் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டிலிருந்து பிறகு எந்தத் தகவலும் வரவில்லை. அன்று அம்மா அவளைக் கூப்பிட்டு, "யாருகிட்டயும் இதச் சொல்லாத பாப்பா. கேக்கலன்னா தலைய ஆட்டிரு. யாரும் ரெண்டாந்தடவ கேக்கமாட்டாங்க" என்றாள்.

அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது. யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எப்போது தலையாட்டுவது, எப்போது லேசாகச் சிரிப்பது, எப்போது 'ப்ச்' என்பது என்று எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. முப்பத்தாறு வயதில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவளை அமைதியான பெண் என்றார்கள். சிலர் தலைக்கனம் என்றார்கள்.

தொழிற்சாலை பாலக்கோட்டைத் தாண்டி இருந்தது. வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் செய்யும் இடம். ஜாஸ்மினுக்குப் பேக்கிங் பிரிவு. பாகங்களை எண்ணி, எண்ணெய்த் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். யாருடைய குரலுக்கும் காத்திருக்க வேண்டாத வேலை. அதனாலேயே அவளுக்குப் பிடித்திருந்தது.

போக வரக் கம்பெனி பஸ். பெண்களுக்கு இடப்பக்கத்து இருக்கைகள். மாரண்டஹள்ளியில் முதலில் ஏறுகிறவள் என்பதால் ஜாஸ்மினுக்கு ஜன்னலோரம் கிடைத்துவிடும். வெள்ளிச்சந்தையில் செல்லி ஏறி அவளுக்குப் பக்கத்தில், வலப்பக்கம், உட்காருவாள். செல்லிக்கு அவளைவிட எட்டு வயது கூட. கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். பையன் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். செல்லி பேசுவாள். பஸ் இரைச்சலில் குரலைத் தணித்து, முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு, கம்பெனி வாசல் வரும்வரை பேசுவாள். ஜாஸ்மின் தலையாட்டுவாள். இப்படி ஆறு வருஷம்.

அந்த ஆவணி மாதம் பேக்கிங்குக்கு மெஷின் வந்தது. பதினோரு பேர் செய்த வேலைக்கு இரண்டு பேர் போதும் என்றார்கள். பர்சனல் மேனேஜர் தமிழ்மணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேறு இடத்துக்கு மாற்றினார். செல்லிக்குக் கழுவும் பிரிவு. ஜாஸ்மினுக்குப் பிரஸ் ஷாப்.

பிரஸ் ஷாப்பில், தகடு வெட்டும் மெஷினுக்குள் ஒருவர் தகட்டை வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஆபரேட்டர். அவர் "சரி" என்று குரல் கொடுத்த பிறகுதான் வெட்டிய துண்டை எடுக்கக் கை நீட்ட வேண்டும். "இரு" என்றால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். மெஷின்களின் சத்தத்தில் ஜாஸ்மினுக்கு இடது காதும் உதவவில்லை. அவள் ஆபரேட்டரின் வாயைப் பார்த்தே வேலை செய்தாள். பதினொரு மணிக்கு அவர் எதற்கோ திரும்பிக்கொண்டு "இரு" என்றார். அவள் 'சரி' என்று எடுத்துக்கொண்டு கையை நீட்டினாள். அவர் பாய்ந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் பின்னால் விழுந்தாள். பிரஸ் வெற்றுத் தகட்டின் மேல் இறங்கியது.

"காது செவுடாம்மா உனக்கு? கத்தறேன்ல!" என்றார் அவர். உடனே மெஷினை நிறுத்தினார். போய்த் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலை ஜாஸ்மின் தமிழ்மணியின் அறைக்குப் போனாள். ஷிப்ட் மாற்றம் கேட்க வந்த செல்லி அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"சார், பிரஸ் ஷாப் எனக்கு ஒத்துவராதுங்க. வேற எதுனா வேல குடுங்க. கூட்டற வேலன்னாலும் செய்யறேன்."

"ஏன் ஒத்துவராது?"

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வாட்ச்மேன் வேறு. சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் 'உடல் குறைபாடு எதுவும் இல்லை' என்று இருந்தது நினைவுக்கு வந்தது.

"ஒத்துவராதுங்க சார்."

"வேற எடம் இல்லம்மா. ஒத்துவரலைன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பி.எஃப். செட்டில்மென்ட் எல்லாம் சீக்கிரம் பண்ணிடலாம்."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'சொந்தக் காரணங்களுக்காக நான் என் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன்.' செல்லி ஏதோ சொன்னாள். ஜாஸ்மின் அவள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

வேலை இல்லாத நாட்கள் நீளமாக இருந்தன. காலையில் அஞ்சரைக்கு விழிப்பு வந்துவிடும். ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பிறகு ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, ஒரு ஆளுக்குத் துணி துவைத்து முடிந்தால் மணி ஒன்பதுகூட ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தாள். அண்ணனுக்குப் போன் செய்தாள். "இங்க வந்துரேன்" என்றான் அவன். பின்னால் அண்ணி ஏதோ சொன்னாள். "இல்லண்ணா, இங்கயே பாத்துக்கறேன்" என்றாள்.

ஒரு மாதம் கழித்துக் கடைவீதி பிரவுசிங் சென்டரில் பி.எஃப். விவரம் பார்க்கப் போனபோது அங்கிருந்த சுசித்ரா என்ற பெண் கேட்டாள்: "அக்கா, ஈ.எஸ்.ஐ. புடிச்சிருக்காங்கல்ல? வேல போனவங்களுக்கு அதுல மூணு மாசம் பாதிச் சம்பளம் வரும். போட்டுப் பாக்கலாமா?"

போட்டார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது: பணியிலிருந்து தாமாக விலகியவர். நேரில் வந்து விளக்கம் தரலாம்.

தருமபுரி ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கோவிந்தன் என்ற அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். தலை நரைத்தவர். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார். அவளுக்கு வலப்பக்கம் அவர். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. அவர் உதடு திரைக்குப் பின்னால் மறைந்திருந்தது. குரல் நின்றபோதெல்லாம் ஜாஸ்மின் தலையாட்டினாள். நாலைந்து கேள்வி இருக்கும். அவர் ஒரு தாளை அச்சடித்து நீட்டினார்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

படித்தாள். 'என்னை யாரும் போகச் சொல்லவில்லை. என் விருப்பத்தின் பேரிலேயே விலகினேன். எனக்கு உடல்நலப் பிரச்சினை எதுவும் இல்லை.'

"சார், நான் இப்படிச் சொல்லலீங்க."

கோவிந்தன் நிமிர்ந்தார். "இப்பத்தானம்மா ஒவ்வொண்ணாக் கேட்டேன்? எல்லாத்துக்கும் தலைய ஆட்டினீங்க."

பேனா அவள் கையில் இருந்தது. இதற்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் வெளியே போய்விடலாம். பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இந்தக் காது கேக்காதுங்க சார். நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது."

சொன்ன பிறகு அவர் என்ன முகம் காட்டுகிறார் என்று பார்க்கப் பயமாக இருந்தது. அவர் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேஜையின் அந்தப் பக்கம், அவளுடைய இடது காதுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். மின்விசிறியை அணைத்தார்.

"இப்பச் சொல்லுங்க. முதல்ல இருந்து."

சொன்னாள். பிரஸ் ஷாப், ஆபரேட்டர் தள்ளியது, வேறு வேலை கேட்டது, எழுதச் சொன்னது.

"காது கேக்கலைன்னு மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"ஏம்மா?"

அவள் மேஜையில் கிடந்த தாளைப் பார்த்தாள். கோவிந்தனும் விட்டுவிட்டார்.

"இங்க பாருங்கம்மா. பிடிக்கலைன்னு விட்டா இந்தப் பணம் கெடைக்காது. ஆனா உங்களால செய்யவே முடியாத வேலைல போட்டு, வேற வேல கேட்டும் குடுக்காம அனுப்புனதுன்னா அது வேற மாதிரி. அத நான் உங்க வாய்ச்சொல்ல வெச்சு எழுத முடியாது. கம்பெனி காரணத்தத் திருத்தணும். நான் லெட்டர் போட்டுக் கேக்கறேன். நீங்க ரெண்டு கொண்டு வாங்க. ஆஸ்பத்திரில காது சர்டிபிகேட். அப்புறம், நீங்க வேற வேல கேட்டப்ப யாராச்சும் கூட இருந்தாங்களா?"

"ஒருத்தங்க இருந்தாங்க."

அரசு ஆஸ்பத்திரியில் அவளை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது போலிருந்தது. காதில் கருவி. கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இடது காதில் கீச்சென்றும் கும்மென்றும் கேட்டது, அழுத்தினாள். பிறகு வலது காது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் ஒரு குமிழைத் திருகினாள். கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடி திருகினாள். அவள் தோள் அசைவதை வைத்தே சத்தம் வருவதை ஜாஸ்மினால் கண்டுபிடிக்க முடிந்தது. பழக்கத்தில் கட்டை விரல் பொத்தான் மேல் போய் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அங்கே ஒன்றும் இருந்ததில்லை. கதவு திறக்கும்வரை அவள் பொத்தானை அழுத்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிச்சந்தைக்குப் போனாள். செல்லி வீட்டு முன்னால் தக்காளிக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. செல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வா ஜாஸ்மினு! ரெண்டு மாசமாச்சு, ஒரு போனு இல்ல. பக்கத்து சீட்டுல இப்ப ஒரு சின்னப் புள்ள வந்து ஒக்காருது. எந்நேரமும் செல்லுதான். பேச ஆளில்லாம வாயே ஒட்டிக்கிச்சு போ."

காபி கொடுத்தாள். ஜாஸ்மின் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மேனேஜர் அறையில் செல்லி கேட்டதை, தருமபுரி ஈ.எஸ்.ஐ. ஆபீசில் கோவிந்தனிடம் கொடுக்க, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"வேற வேல இல்ல, எழுதிக் குடுத்துட்டுப் போன்னு சொன்னாரு. ஆமா, கேட்டேன். 'எழுதாத ஜாஸ்மினு'ன்னு நானே சொன்னனே. நீதான் திரும்பியே பாக்கல."

"கேக்கலக்கா."

"பக்கத்துலதான நின்னேன்?"

"அந்தப் பக்கம் நின்னீங்கக்கா. எனக்கு வலது காது கேக்காது. சின்ன வயசுலருந்தே."

செல்லி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் தன்னுடைய வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். பஸ் இருக்கையை மனதுக்குள் போட்டுப் பார்க்கிறாள் என்று ஜாஸ்மினுக்குப் புரிந்தது.

"நான் ஒனக்கு எந்தப் பக்கம் ஒக்காருவேன்?"

ஜாஸ்மின் தன் வலது காதைத் தொட்டாள்.

"ஆறு வருசம். நான் சொன்னது எதுவும் ஒனக்குக் கேக்கல?"

"கொஞ்சம் கொஞ்சம் கேக்கும்க்கா. பஸ்ஸு நின்னா..."

"பொறந்து பத்தொம்பது நாள்ல எம் பொண்ணு போனத ஒங்கிட்டத்தான் சொன்னேன். எங்க வூட்டுக்காரருகிட்டக்கூட நான் அதப் பேசினதில்ல. அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சு, நான் என்ன தப்பு பண்ணேன், எல்லாம் ஒங்கிட்டத்தான் சொன்னேன். நீ எம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்ச. சரி, ஆறுதலுக்குச் சிரிக்குது, பரவால்ல, தப்பா நெனைக்கலன்னு..." செல்லி எழுந்தாள். "அன்னிக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன், தெரியுமா?"

"அக்கா..."

"நீ போ ஜாஸ்மினு. அடுப்புல வேல கெடக்குது."

ஜாஸ்மின் ரோட்டுக்கு வந்து நின்றாள். எந்த நாள் என்று யோசித்துப் பார்த்தாள். செல்லி அழுததாக நினைவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டேதான் எப்போதும் பேசுவாள். எந்த நாளில் வேண்டுமானாலும் அது இருந்திருக்கலாம். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே தான் என்ன பார்த்துக்கொண்டு வந்திருப்போம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பஸ் வந்தது. ஏறினாள்.

சாட்சிக் கையெழுத்தை அவள் மறுபடி கேட்கப் போகவில்லை. சர்டிபிகேட்டை மட்டும் கோவிந்தனுக்கு அனுப்பிவைத்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாரண்டஹள்ளியிலேயே ஒரு காய்கறி மண்டியில் தக்காளி தரம் பிரிக்க ஆள் கேட்டார்கள். முனியம்மாள் என்ற அம்மாள்தான் முதலாளி. ஜாஸ்மின் உள்ளே போனதும், "எனக்கு இந்தக் காது கேக்காதுங்க. இந்தப் பக்கம் வந்து சொல்லணும்" என்றாள். முனியம்மாள், "எனக்குக் கண்ணு தெரியல, நான் சொல்லிட்டா திரியறேன்? பழத்தப் பாத்துப் பிரி" என்றாள். மார்கழி பிறந்தால் வரலாம் என்றாள். ஜாஸ்மின் அதைக் கோவிந்தனுக்கும் போனில் சொல்லிவைத்தாள்.

கார்த்திகையில் கோவிந்தனிடமிருந்து போன் வந்தது.

"சாங்ஷன் ஆயிருச்சும்மா. கம்பெனி காரணத்தத் திருத்திட்டாங்க. 'தகுந்த வேற பணி இல்லாததால் விடுவிக்கப்பட்டார்'னு குடுத்திருக்காங்க. நீங்க மண்டில சேர்ற தேதிக்கு முன்னாடி வரைக்கும் உண்டானது வரும். சேர்ந்ததும் எழுதிக் குடுத்துருங்க."

"அவங்களாவே திருத்துனாங்களா சார்?"

"எங்க? மொதல்ல முடியாதுன்னுதான் பதில் போட்டாங்க. அந்தம்மா லீவு போட்டுட்டு நேர்ல வந்து எழுதிக் குடுத்தாங்க. செல்லின்னு. உங்களுக்குத் தெரியாதா? அந்த நகல அனுப்புனதும்தான் எறங்கி வந்தாங்க."

அடுத்த ஞாயிறு ஜாஸ்மின் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வெள்ளிச்சந்தைக்குப் போனாள். செல்லி வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்றாள். முகம் மலரவில்லை, கடுக்கவும் இல்லை. கை மட்டும் வேலையாக இருந்தது. ஜாஸ்மின் அவளுக்கு வலப்பக்கமாக, தன் இடது காது அவள் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தாள். செல்லி அதைக் கவனித்தாள்.

"பணம் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. நீங்க போயி எழுதிக் குடுத்தீங்களாம்."

"கேட்டதத்தான எழுதுனேன். இல்லாதத எழுதல."

"கம்பெனில ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"சொல்றதுக்கு என்ன? என்னயத் தூக்கிப் பிரஸ் ஷாப்புல போட்டாங்க. எனக்குத்தான் காது கேக்குதே. பாத்துக்கறேன்."

ஜாஸ்மின் ஒரு கை கொத்தமல்லியை எடுத்து ஆயத் தொடங்கினாள்.

"அக்கா, அந்தப் பாப்பாவப் பத்தி இப்பச் சொல்லுங்கக்கா. நான் கேக்கறேன்."

செல்லி இல்லை என்று தலையை ஆட்டினாள். "வராது ஜாஸ்மினு. அன்னிக்கு ஏதோ வந்துச்சு, சொன்னேன். அதயே தெரட்டி மறுபடி சொல்லுன்னா எங்க போவேன்?"

"பேரு மட்டுமாச்சும் சொல்லுங்க."

"பேரு வெக்கல. முப்பதாவது நாளு வெக்கலாம்னு இருந்தோம்."

செல்லி ஆய்ந்த கொத்தமல்லியை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஜாஸ்மின் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் கழித்துச் செல்லி உள்ளேயிருந்தபடியே, "அஞ்சு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் ஏழுக்குத்தான்" என்றாள்.

ஜாஸ்மின் வாழைப்பழத்தை வாசற்படியில் வைத்தாள். "வரேன்க்கா" என்றாள். உள்ளே அது கேட்டதா என்று தெரியவில்லை. ரோட்டை நோக்கி நடந்தாள்.